இடப்பக்கம் இழுக்கிற வண்டி

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், வராண்டாதானே. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. மோர் தரட்டா? பழைய வண்டி பாக்க வர்றவங்க கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வருவாங்க. நீங்க ஒத்தையா வந்திருக்கீங்க. அதுவும் நல்லதுதான். நாலு பேரு சேந்து வாசல்ல வந்து நின்னாலே இப்பெல்லாம் எனக்குப் படபடன்னு வருது.

நேத்து சாயந்தரம்தான் கார் கன்சல்டிங்காரருக்குப் போன் போட்டு, வண்டிய வெரசா வித்துக் குடுங்கன்னு சொன்னேன். விடிஞ்சதும் ஆள் வந்து நிக்கிது. நாங்க வாங்குறப்ப அந்த மனுசன் எங்கள எம்புட்டு அலையவிட்டாரு தெரியுமா.

வண்டி அந்தா நிக்கிது, வேப்பமரத்தடியில. பாக்குறீங்களா? பெறகு பாக்கலாமா? சரி, மோரைக் குடிங்க. எங்க வீட்டுக்காரரு இல்ல. பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடுறதுதான் எங்க தொழில். ஒரு வளைகாப்புக்குப் பாத்திரம் ஏத்திக்கிட்டு லோடு ஆட்டோவுல போயிருக்காரு, வர மதியம் ஆகும். அதுக்குள்ள பேசி முடிச்சுட்டா நல்லது. அவருக்குத் தெரியாது. ஐயோ, அப்படிப் பாக்காதீங்கண்ணே, திருட்டு வேலை இல்ல. அவரு ஜாதகத்துக்கு வாகனம் ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு, அதனால தவமணின்னு எம்பேர்லதான் வண்டிய எழுதுனோம். நான் கையெழுத்துப் போட்டாப் போதும்.

எதுக்கு விக்கிறேன்னா கேக்குறீங்க?

பொய் சொல்லி ஒருத்தர் தலையில கட்ட எனக்கு வராதுண்ணே. பயந்துதான் விக்கிறேன். உள்ளதைச் சொல்லிர்றேன், பெறகு உங்க இஷ்டம். எனக்கு எதையும் மனசுல பூட்டி வைக்கத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்றதும் மைக்செட்டுப் போட்டு ஊருக்குச் சொல்றதும் ஒண்ணுதான்னு. வாய்க்கொழுப்பு அந்த மனுசனுக்கு.

பெரிய வண்டி வேணும்னு ஆசைப்பட்டது அவருதான். நான் ஒண்ணும் கேக்கல. மக படிப்பை முடிக்கப் போறா, பொண்ணு பாக்க வர்றவங்க வாசல்ல லோடு ஆட்டோவப் பாத்தா என்ன நினைப்பாங்க, எதிர்வீட்டு வாசல்ல பாருங்க எம்மாம் பெரிய வண்டின்னு, தெனம் காப்பி குடுக்குறப்ப ஒரு வார்த்தை சொல்லுவேன். அம்புட்டுதான். அவருக்கா ஆசை வந்துருச்சு. புதுசு வாங்க நமக்கு எங்க வசதி? அந்த உசரத்துல, ஏழு பேரு உக்கார்ற மாதிரி பழசுல ஒண்ணு பாப்போம்னு கன்சல்டிங்குக்குப் போனோம்.

அங்க இதைக் காட்டுனாரு. ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டியாம். வீடு, கிளினிக்கு, கோயில், வேற எங்கயும் போகாதாம். டாக்டர் வண்டியோட பின்கண்ணாடி முழுக்க "ஊசிப்பாறைக் கருப்பு துணை"ன்னு ரத்தச் செவப்புல எழுதி, பக்கத்துல அருவாப் படம் போட்டிருந்துச்சு. டாக்டருக்கும் குலசாமி இருக்கும்லன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம். கூட வந்த மெக்கானிக்கு ஓட்டிப் பாத்தான். "இஞ்சின் தங்கம்க்கா. லேசா இடப்பக்கம் இழுக்குது, ஒரு அலைன்மெண்ட் பாத்தா சரியாயிரும்"னான். எங்க வீட்டுக்காரரு நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு இன்னை வரைக்கும் பாக்கல. அவரு எதுலயுமே அப்படித்தான்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்கா சுத்திப் போட்டு வண்டிய வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு. மறுநா வாட்டர் சர்வீஸுக்கு விட்டோம். அந்தப் பய பிளேடை எடுத்துக்கிட்டு வந்து, "பழைய ஓனர் எழுத்தைச் சொரண்டிரவாக்கா?"ன்னு கேக்குறான். கருப்பு பேரைப் பிளேடு வச்சுச் சொரண்டுறதா? நம்ம வீட்டுச் சாமின்னாக்கூட மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வச்சு மன்னிப்புக் கேக்கலாம். இது அடுத்தவங்க சாமி, ஆடு வெட்டிக் கும்புடுற சாமி. கோவிச்சுக்கிட்டா எந்தக் கோயில்ல போய் நிக்கிறது? வேணாம்டா, அது பாட்டுக்கு இருக்கட்டும்னு கத்திட்டேன். எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. அன்னைக்கு அந்தப் பிளேடு போட்டிருந்தா இன்னைக்கு உங்களுக்கு மோர் ஊத்திக் குடுத்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

ஆனா வந்த புதுசுல அப்படி ஒரு ராசிண்ணே அந்த வண்டிக்கு! எதிர்வீட்டுக்காரன் எத்தனையோ வருசமா சாக்கடைத் தண்ணிய எங்க வாசல்ல விடுவான். வண்டி வந்து நின்ன மறுநாளே பைப்பைத் திருப்பி வச்சுட்டான். காய்கறி மார்க்கெட்டுல எடை போடுறவன் ஒரு கைப்பிடி கூடவே போடுறான். ரோட்டுல மினி பஸ்காரன் ஒதுங்கி வழி விடுறான். நம்ம யோக்கியதைக்கு இப்பதான் ஊரு மரியாதை குடுக்குதுன்னு நினைச்சேன்.

பெறகு ஒரு கல்யாணம். ஆர்டர் எங்களோடதுதான், பாத்திரம் முன்னாலயே போயிருச்சு, கரண்டிக் கட்டு மட்டும் விட்டுப் போச்சுன்னு நாங்க ரெண்டு பேரும் இந்த வண்டியில போனோம். மண்டப வாசல்ல நிறுத்துனதும் மேளம் நின்னுபோச்சு. பொண்ணோட அப்பா மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி விட்டுக்கிட்டு, கையக் கூப்பிக்கிட்டு ஓடியாராரு. மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. கதவைத் தொறந்து எங்க வீட்டுக்காரரு கரண்டிக் கட்டோட எறங்குறாரு. அந்த மனுசனுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. "அட வேல்மயிலு, நீயா? இது கோட்டைச்சாமி வண்டியாச்சே, உங்கிட்ட எப்பிடி?"ன்னு கேட்டாரு.

அப்பதான் எங்களுக்கே தெரியும். டாக்டராவது ஒண்ணாவது! உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, கோட்டைச்சாமி. தெரியாதா? வெளியூருல்ல, தெரியாதுதான். கல்குவாரி வச்சிருக்காரு. எடத் தகராறு, குடும்பத் தகராறு எதுன்னாலும் கட்டப்பஞ்சாயத்து அவருதான். அவரு கூப்பிட்டுப் போகாம இருந்தவன் கிடையாது, போயிட்டு முழுசாத் திரும்பாதவன் உண்டுன்னு சொல்லிக்கிறாங்க. நான் சொல்லலண்ணே, ஊரு சொல்லுது.

அன்னையில இருந்து எனக்குத் தூக்கம் போச்சு. அந்த ஆளுக்கு எத்தனை பகையோ! வண்டிய அடையாளம் வச்சு எவனாவது ஆள் மாறி எங்க வீட்டுக்காரரை வெட்டிப்புட்டா? வெட்டிட்டு, "அடடா, கோட்டைச்சாமி இல்லையே, பந்தக்கார வேல்மயிலுல்ல"ன்னா போன உசுரு வருமா? வண்டியில போறப்ப முகம் நல்லாத் தெரியட்டும்னு கண்ணாடிய எறக்கி விட்டு, நான் வேற தலைய வெளிய நீட்டிக்கிட்டே போவேன். பொம்பள இருந்தா வெட்ட யோசிப்பாய்ங்கள்ல. "எழுத்தைச் சொரண்டிருவோம் தவமணி"ன்னு அவரு கெஞ்சுனாரு. நான் விடல. சாமி குத்தம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சொரண்டிட்டா எதிர்வீட்டுச் சாக்கடை திரும்ப வந்துருமே?

அந்த நேரத்துலதான் ஒரு மொபெட்டு எங்க பின்னாலயே வர ஆரம்பிச்சுச்சு. ஆம்பளைச் சட்டை, தலையில துண்டுக் கட்டு. மார்க்கெட்டுக்குப் போனா வருது, மண்டபத்துக்குப் போனா வருது. நாங்க நின்னா அதுவும் தள்ளி நிக்கிது. எங்க வீட்டுக்காரரு கண்ணாடியில பாத்துக்கிட்டே ஓட்டுவாரு, ஸ்டியரிங்கெல்லாம் வேர்வை. தாலிய எடுத்து எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன்.

ஒருநா மதியம், இதோ இந்த முக்குல திரும்புறோம், சந்துக்கு நடுவுல மொபெட்டைக் குறுக்கப் போட்டு நிக்கிது அந்த ஆளு. பின்னால எடுக்க வழியில்ல, தண்ணி லாரி நிக்கிது. எங்க வீட்டுக்காரரு கண்ணாடிய ஏத்தி, கதவைப் பூட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சுட்டாரு. ஆளு கிட்ட வருது. சட்டைக்குக் கீழ சேலை தெரியிது. பொம்பள! களை எடுக்கப் போற பொம்பளைக கட்டுற துண்டுக் கட்டு அது. எங்க பக்கமே பாக்கல. நேரா பின்பக்கக் கதவுக்குப் போயி, கண்ணாடியில ரெண்டு கையையும் குவிச்சு வச்சுக்கிட்டு, உள்ள சீட்டைப் பாக்குது. பாத்துக்கிட்டே நிக்கிது.

பெறகு எங்கிட்ட வந்து, "பயப்படாதத்தா, நான் உங்களத் தேடி வரல. வண்டியத் தேடித்தான் வந்தேன்"னுச்சு.

இருளாயின்னு பேரு. ஒத்தை மகன், வீரணன். கோட்டைச்சாமி குவாரியில டிப்பர் ஓட்டுனவன். அங்க கல்லு சரிஞ்சு ஒரு வேலையாள் செத்துப்போயி, அதைச் சத்தமில்லாம அமுக்கப் பாத்திருக்காக. இந்தப் பய வெளிய சொல்லிட்டான். சும்மா இருந்திருக்கலாம். "வாடா, பேசித் தீத்துக்குவோம்"னு இந்த வண்டியிலதான் வந்து கூட்டிட்டுப் போயிருக்காக. ரெண்டு பேருக்கு நடுவுல உக்கார வச்சு. "சோறு ஆறிப் போகும், வெரசா வந்துருன்னேன். தலைய ஆட்டுனான்த்தா. அதுதான்." கேட்டா, மஞ்சமேடு விலக்குல எறக்கி விட்டுட்டோம்னாகளாம். பெறகு, அவன் டிப்பரைத் திருடிக்கிட்டு ஓடிட்டான்னு அவன் மேலயே கேசு. அதோட இந்த வண்டியும் கண்ணுல படாமப் போச்சு. பின்கண்ணாடி எழுத்தை மட்டும் நெஞ்சுல வச்சுக்கிட்டு ரோடு ரோடாத் தேடியிருக்கு அந்தம்மா. அதே எழுத்தோட நாங்கதான் ஊர்வலம் போயிக்கிட்டு இருந்தோமே.

ஒரு தடவை உள்ள உக்காந்துக்கிறேன்னுச்சு. எப்பிடி வேணாங்கிறது? நடுவுல உக்காந்துச்சு, ரெண்டு பக்கமும் ஆள் இருக்குற மாதிரி ஒடுங்கி. அதுக்கப்புறம் அடிக்கடி வரும், உக்காரும், எந்திரிச்சுப் போகும். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அழுதிருந்தாக்கூட எனக்கு இம்புட்டுப் பயம் வந்திருக்காது.

போன வாரம், "மஞ்சமேடு விலக்கு வரைக்கும் கூட்டிட்டுப் போறீகளா தம்பி?"ன்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச்சு. எளகுன மனசு, கெளம்பிட்டாரு. அவரைத் தனியா விடப் பயந்து நானும் ஏறிக்கிட்டேன். விலக்குல ரோடு பிரியிது. வலப்பக்கம் ஊருக்குப் போறது. இடப்பக்கம் முள்ளுக்காட்டுக்குள்ள ஒரு மண்ரோடு, ஆள் நடமாட்டமே கிடையாது. எங்க வீட்டுக்காரரு நிறுத்திட்டு, எங்கிட்டும்மா போகணும்னு கேட்டாரு. அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா?

"எனக்கு எங்க தம்பி தெரியும்? வண்டிக்குத்தான் தெரியும். நீங்க கைய எடுத்துருங்க."

அவரு என்னையப் பாத்தாரு. நான் திரும்பிப் பின்கண்ணாடியப் பாத்தேன். எடுத்துருங்கன்னேன். கியரைப் போட்டு, ஸ்டியரிங்க விட்டுட்டாரு. வண்டி ஊந்துது, லேசா, ஆள் இல்லாத வண்டி மாதிரி. மூக்கு அப்பிடியே இடப்பக்கம் திரும்புது. அலைன்மெண்ட்டு, மெக்கானிக்கு எதுவும் எனக்கு அப்ப ஞாபகத்துக்கு வரலண்ணே. கருப்பா கருப்பான்னு கையெடுத்துக் கும்புட்டேன். இப்ப பகல்ல யோசிச்சா அலைன்மெண்ட்டுதான். பொழுது சாஞ்சா அப்படித் தோண மாட்டேங்குது.

மண்ரோட்டுக் கடைசியில கைவிட்ட பழைய குவாரிப் பள்ளம். கோடையில தண்ணி கீழ எறங்கிக் கெடக்கு, பச்சைப் பசேல்னு. அதுக்கு நடுவுல நீலமா ஒரு தகரம் தெரிஞ்சுச்சு. டிப்பர் லாரியோட மேக்கூரை. திருடிட்டு ஓடிட்டான்னு சொன்னாகளே, அந்த டிப்பர்.

அந்தம்மா கரையில நின்னு, "சோறு ஆறிப்போச்சேய்யா"ன்னு ஒரே வார்த்தை. எங்க வீட்டுக்காரரு சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுகுறாரு.

அதோட விட்டிருந்தா பரவால்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போகுது, பள்ளத்துத் தண்ணிய எறைச்சுப் பாக்கச் சொல்லி. "நீங்களும் பாத்தீகள்ல, வந்து சொல்லுவீகளா?"ன்னு கேட்டுச்சு. நான் கண்ணைக் காட்டுறேன், வேணாம் வேணாம்னு. எதுக்குமே வாய் தொறக்காத மனுசன், கல்யாண வீட்டுல பாக்கி கேக்கக் கூச்சப்படுற மனுசன், "வர்றேம்மா. வண்டியோட வந்து சொல்றேன்"னுட்டாரு! காலைப் புடிச்சுட்டேன். அழுதேன், சோறு திங்கல, மகளை விட்டுப் போன்ல பேசச் சொன்னேன். ம்ஹூம். "பாத்ததைப் பாக்கலைன்னு எப்பிடிச் சொல்றது தவமணி?"ங்கிறாரு.

எனக்கு அவரு வேணும்ணே. நல்லவரோ கெட்டவரோ, அசடோ, அவரு வீட்டுக்கு வரணும். வண்டியே இல்லைன்னா திங்கக்கிழமை எதுல போவாரு, எதைக் காட்டுவாரு? அதான் விக்கிறேன். சொன்ன வெலைய விடக் கொறைச்சுக்கூடத் தாங்க, நீங்க இன்னும் பேரமே பேசலையே. ஓட்டிட்டுப் போயிருங்க, அது போதும்.

வேற யாருகிட்டயும் இதைச் சொல்லல. கன்சல்டிங்காரர்கிட்ட மட்டும் நேத்து போன்ல சொன்னேன், எதுக்கு அவசரம்னு அவரும் கேட்டாருல்ல. டிப்பரைப் பாத்தது, மனு, எல்லாத்தையும் சரிம்மா சரிம்மான்னு பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. இப்ப உங்ககிட்ட. கொட்டுனதும் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் எறங்கிருச்சு. நீங்களும் நல்லாக் கேக்குறீங்கண்ணே, நடுவுல பேசவே இல்ல.

என்ன? இருளாயி வீடா? அதெதுக்கு? ஓ, வண்டிய வாங்குனா ஒரு வார்த்தை நேர்ல சொல்லிட்டுப் போகணும்னா. நல்ல மனசு உங்களுக்கு, எனக்குத் தோணலையே. பால் டெப்போவுக்குப் பின்னால ஒரு சந்து போகும், அதுல கடைசி வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசல்ல மொபெட்டு நின்னா அந்தம்மா இருக்குன்னு அர்த்தம். கதவைத் தட்டக்கூட வேணாம், தாழ் போடாது. ஒத்தையாத்தான் இருக்கு, பாவம்.

வண்டியப் பாக்கப் போறீங்களா? வாங்க வாங்க. பானட்டைத் தொறக்கவா? வேணாமா. பின்னாலயா? இருங்கண்ணே, நான் வர்றேன், அந்தப் பின்கதவு சும்மா தொறக்காது. சாவி போட்டாலும் தொறக்காது. நம்பர் பிளேட்டுக்குக் கீழ முட்டிய வச்சு ஒரு இடி இடிச்சு, கைப்பிடிய மேல தூக்காம பக்கவாட்டுல இழுக்கணும். எங்க வீட்டுக்காரரு அதைக் கண்டுபுடிக்கவே ஒரு மாசம் ஆச்சு, மெக்கானிக்குக்கே பிடிபடல, முதல்ல முட்டிய...

தொறந்துட்டீங்க.

ஒரே இடியில தொறந்துட்டீங்களேண்ணே. நான் சொல்லி முடிக்கவே இல்லையே.

யாருண்ணே நீங்க? உங்க பேரைக்கூட நான் கேக்கல. எந்த ஊருன்னு சொன்னீங்க? சொன்னீங்களா?

அண்ணே, நான் ஒரு கூறுகெட்டவ. வாய்க்கு வந்ததை உளறுவேன், எங்க தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அந்தப் பள்ளத்துல தகரம்தான் கெடந்துச்சு, வெறுந்தகரம். எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்குக் கண்ணு சரியில்ல, ஒண்ணையும் பாக்கல. திங்கக்கிழமை நாங்க எங்கயும் போகல. மக மேல சத்தியம். அந்தம்மா வீடு நான் சொன்ன எடம் இல்லண்ணே. அது பழைய வீடு. காலி பண்ணிட்டுப் போயிருச்சு, எங்கிட்டுன்னு எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது.

போனை எதுக்கு எடுக்குறீங்க? பேசிக்கிட்டுத்தானே இருக்கோம். உக்காருங்கண்ணே, இன்னொரு டம்ளர் மோர் கொண்டாரேன். யாருகிட்டண்ணே பேசுறீங்க? பால் டெப்போன்னு சொல்லாதீங்க. அண்ணே, சந்துன்னு சொல்லாதீங்கண்ணே. அண்ணே.